அட்டை ஓர் ஊரில், அடுப்பு ஓர் ஊரில்

உழைக்க வா என்று அழைத்த வாயே, உண்ண உட்காரும்போது “நீ யார்? எந்த ஊர்?” என்று கேட்பது உலக வரலாற்றிலே புதுமையன்று. கை தேவை, கால் தேவை, காலை முதல் மாலை வரை வளையும் முதுகும் தேவை. ஆனால் அந்தக் கையோடும் காலோடும் வயிறு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதுதான் ஆட்சி நடத்துவோருக்கு எந்நாளும் தொல்லை! வயிற்றை ஊரிலே கழற்றி வைத்துவிட்டு வரும் வித்தையை எவனும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஆகவே, சட்டம் அந்த வித்தையைச் செய்ய முற்பட்டது. பாட்டாளியின் உழைப்பை ஓர் ஊர்க் கணக்கிலும், அவன் சோற்றுக்கான உரிமையை வேறோர் ஊர்க் கணக்கிலும் எழுதி வைத்தது.

சென்னைக்குத் தெற்கே, செங்கற்பட்டுக்கு இப்பால், பெருஞ்சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் பக்கத்திலே இருக்கிறது மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். தலைநகரின் நெரிசலைத் தணிக்கத் துணைநகர் ஒன்று வேண்டும், அங்கே ஆலையும் இருக்க வேண்டும், ஆலையிலே உழைப்போர் குடியிருக்க வீடும் இருக்க வேண்டும் என்று எண்ணி, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அதனை உருவாக்கினார்கள். நல்ல எண்ணந்தான். 1990-களிலே ஃபோர்டு கார் ஆலை அங்கு வந்தது. பக்கத்துச் சிங்கப்பெருமாள் கோவிலிலே திரும்பும் சாலை, ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குப் போகிறது. ஏரியும் வயலுமாகக் கிடந்த அந்தப் பூமியிலே ஆலைகள் வரிசையாக எழும்பின. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்திலே ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கி, 2014-இல் கதவைச் சாத்திற்று. ஃபோர்டும் 2022-இல் மறைமலை நகரில் கார் செய்வதை நிறுத்திக்கொண்டது. மூலதனம் வரும், மூலதனம் போகும், அதனை வழிமறித்து “உன் சொந்த ஊர் எது?” என்று கேட்பார் இல்லை!

அந்தக் கேள்வியெல்லாம் மூலதனத்தின் பின்னால் நடந்து வருகிறானே, அவனுக்குத்தான். பீகாரிலிருந்து வருகிறான், ஒடிசாவிலிருந்து வருகிறான், சார்க்கண்டு, மேற்கு வங்கம், அசாம், உத்தரப்பிரதேசம் என்று இந்தியப் படத்தின் வடகிழக்கு மூலை முழுவதும் இந்தச் சாலையிலே வந்து நிற்கிறது. பெயர்ப் பலகையிலே தனித்தமிழ்ப் பெருமகனாரின் பெயர். பலகையின் கீழே பேருந்துக்கு நிற்போர் நாவிலே போச்புரியும் ஒடியாவும் வங்காளமும்! இதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. அடிகள் இருந்தால் சுளித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறோம். மொழியிலே பிறசொல் கலவாமை வேண்டும் என்றவர், பிற நாட்டவன் வரலாகாது என்று சொன்னவரல்லர். தாமே கடல் கடந்து இலங்கைக்குப் போய்ப் பேசி வந்தவர்.

வடக்கே வாழ்வு, தெற்கே தேய்வு என்று நாம் புள்ளிவிவரத்தோடு பேசிய காலம் ஒன்று உண்டு. இன்று அந்த வடக்கின் ஏழை, வாழ்வு தேடித் தெற்கே வருகிறான். காலத்தின் இந்தத் திருப்பத்தைக் கண்டு எக்களிக்கலாம். ஆனால் எக்களிப்பு அறிவாகாது. டில்லிப் பீடத்திலிருந்து இந்தியைத் திணிப்பவன் வேறு, இந்தி பேசும் தாய் வயிற்றிலே பிறந்துவிட்டதால் இந்தி பேசும் கூலித் தொழிலாளி வேறு. முன்னவனோடு நமக்கு வழக்கு உண்டு. பின்னவனோடு என்ன வழக்கு?

அவன் சட்டைப் பையிலே ஓர் அட்டை இருக்கிறது. அல்லது ஊரிலே தாயின் பெட்டியிலே இருக்கிறது. பங்கீட்டு அட்டை. அவன் பெயரும், மனைவி மக்கள் பெயரும், ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்ற 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வாக்குறுதியும் அதிலே அடக்கம். ஆனால் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வரையில், மறைமலை நகர் நியாயவிலைக் கடையிலே அந்த அட்டைக்கு ஒரு பிடி அரிசியின் மதிப்புக்கூட இல்லை. 2011 சூன் முதல் தமிழ்நாட்டின் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வந்தது. ஒரே ஆலை, ஒரே ஷிப்டு, ஒரே இயந்திரம். இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அரிசி இலவசம், அந்தப் பக்கம் நிற்பவனுக்குச் சந்தை விலை. அந்தப் பக்கத்தானுக்குக் கூலியோ பெரும்பாலும் குறைவு; ஒப்பந்தக்காரன் பிடித்துக்கொண்டது போக மீதி. ஏழைக்கு உதவவே ஏற்பட்ட திட்டம், இரு ஏழைகளுள் அதிக ஏழையை வெளியே நிறுத்திற்று. யாரும் கெடுமதியோடு செய்ததன்று. அட்டையை ஊரோடு கட்டினார்கள். ஏழையோ ஊரிலே நிற்கவில்லை. அவ்வளவே.

இது வடவர் துன்பம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க நமக்கு உரிமை இல்லை, தோழர்களே! இதே நாடகத்திலே, கடையின் வெளிப்புறத்திலே நின்று கண்ணீர் வடிக்கும் வேடத்தை நம்மவர் நூறாண்டுக்கு மேல் தாங்கியிருக்கிறார்கள். அந்த மேடை இலங்கை.

காப்பித் தோட்டம் போட வெள்ளைத்துரை மலையேறிய நாளிலேயே, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே, தமிழகத்துத் தென்மாவட்டங்களிலிருந்து ஏழைகள் இராமேசுவரம் வழியாகக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காடு வழியே நடந்தார்கள். நடந்தவர் அனைவரும் போய்ச் சேரவில்லை. காலராவும் காய்ச்சலும் பாதை நெடுகிலும் பங்கு கேட்டன. காப்பி நோயிலே அழிந்தது, தேயிலை வந்தது, தமிழன் இருந்த இடத்திலேயே இருந்தான். அழைத்து வந்தவன் கங்காணி. முன்பணம் கொடுத்து அழைத்து வருவான், அந்தப் பணம் கடனாகும், கடன் வளரும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆள்கள்மீது இவ்வளவு கடன், கடனைத் தீர்த்துவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மனிதனை விலைச்சீட்டோடு கைமாற்றிய அந்த முறை 1921 வரையில் இருந்தது. இன்றைய ஒப்பந்தக்காரனுக்குக் கங்காணி பாட்டன் முறை ஆக வேண்டும்.

தோட்டத்திலே அரிசி கிடைத்தது, தோட்டமே தந்தது, தந்ததைக் கூலியிலே பிடித்துக்கொண்டது. லயத்து அறை கிடைத்தது. வேலை நின்றால் அறையும் நின்றது. ஆக, சோறும் கூரையும் உரிமையாக வரவில்லை. பெரட்டுக் களத்திலே பெயர் விழுந்தால் வரும், விழாவிட்டால் போகும் என்ற அளவிலேதான் வந்தன. நாட்டின் குடிமக்களுக்கென்று அரசு ஏதேனும் நன்மை செய்யப் புகுந்தபோதெல்லாம் தோட்டத்தின் வேலி குறுக்கே நின்றது. 1945-இல் இலங்கையிலே இலவசக் கல்வி வந்தது. எவ்வளவு உயர்ந்த திட்டம்! ஆசியாவிலே பல நாடுகள் அன்று கனவும் காணாத திட்டம்! ஆனால் தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே விடப்பட்டன. அவற்றை அரசு எடுத்துக்கொள்ள 1970-கள் வரவேண்டியிருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கொழுந்து கூடையைத் தூக்கி முடித்த பிறகு!

வாக்குரிமையிலும் இதே கதை. 1931-இல் எல்லார்க்கும் வாக்கு என்ற பெரும் பேறு இலங்கைக்கு வந்தபோதே, தோட்டத் தமிழனிடம் மட்டும் “நிலையாக இங்கேயே இருப்பாயா? சான்று காட்டு” என்று கேட்டார்கள். அந்தத் தடையையும் தாண்டி, 1947 தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஏழு பேர்! கொழுந்து பறிப்பவனின் வாக்குக்கு இவ்வளவு வலிவா என்று ஆளவந்தார் அதிர்ந்தனர். 1948 பிப்ரவரி 4-இல் விடுதலை. அதே ஆண்டிலே குடியுரிமைச் சட்டம். தந்தை இலங்கையிலே பிறந்தான் என்றோ, தந்தையின் தந்தையும் பாட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே சரியாக இல்லாத மலையிலே, பாட்டன் பிறப்புக்கு ஆவணம் எங்கே தேடுவது? 1949-இலே இன்னொரு சட்டம்: விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம்; ஆனால் 1946 சனவரி முதல் நாளுக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது குடியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஊரிலே தாய் இறந்தாள் என்று போய், ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவனுக்கு அந்தத் தொடர் அறுந்தது. அதே 1949-இலே மூன்றாவது சட்டம் வாக்கைப் பறித்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. ஏற்கப்பட்டவர் தொகை ஒன்றரை இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

எதிர்த்தவர் உண்டு. செல்வநாயகம் அன்று எழுப்பிய எதிர்ப்பே பின்னர் அவரைத் தனிக்கட்சி காணச் செய்தது. ஆனால் தமிழ் உறுப்பினர்களிலேயே சிலர் அரசின் பக்கம் நின்றார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. மலையிலே இருப்பவன் வேறு, தாம் வேறு என்று எண்ணினார்கள். அந்த எண்ணம் எங்கே கொண்டு போய் விட்டது என்பதை அடுத்த அறுபதாண்டு இலங்கை வரலாறு சொல்லும். இங்கே விரிக்கப் புகவில்லை.

குடியுரிமை போனால் என்ன, வேலை இருக்கிறதே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அதற்கு விடை 1973, 74-இல் கிடைத்தது. உலகெங்கும் தானிய விலை ஏறிற்று. இலங்கை அரசு பங்கீட்டு அரிசியைக் குறைத்தது. மாவு கிடைப்பதும் அரிதாயிற்று. கிராமத்தானுக்குக் கொல்லையிலே மரவள்ளியாவது இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வாசலுக்கு அப்பால் ஓரடி மண் சொந்தமில்லை. வேலை நாள்களும் குறைந்தன. தோட்டங்களிலே சாவு விகிதம் திடுமென உயர்ந்தது. மலையை விட்டுக் கீழே இறங்கி நகரத் தெருக்களிலே கையேந்தினார்கள். நாட்டுக்கே அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகள் அவை! ஒரு கொள்கையின் குற்றம் நல்ல காலத்திலே தெரியாது. மழை பெய்யும்போதுதான் எந்த ஓடு உடைந்தது என்று தெரியும்.

இதற்கிடையே 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 1974-இலே அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். மூட்டைக் கணக்கா, முந்திரிக்கொட்டைக் கணக்கா? பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நாடற்ற நிலையிலே எஞ்சி நின்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இலேதான் வந்தது.

சரி, தாயகம் என்று சொல்லி இங்கே அழைத்து வந்தோமே, நாம் எப்படி நடத்தினோம்? கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை, தாயகம் திரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ‘குடும்ப அட்டை’ கொடுத்தது. அந்த அட்டையைக் காட்டினால்தான் மறுவாழ்வு உதவி. மண்டபம் முகாமிலே இறங்கியவனிடம் அட்டை இருந்தது. அட்டையிலே எழுதிய இடமும் தொழிலும் இருந்தன. அந்த இடத்திலே வாழ முடியுமா, அந்தத் தொழில் அவனுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை. கொழுந்து பறிக்கத் தெரிந்தவனுக்கு வறண்ட மாவட்டத்திலே வணிகக் கடன்! பெட்டிக்கடை வைக்கச் சொன்னார்கள்; பெட்டி மிஞ்சிற்று, கடை மிஞ்சவில்லை. நல்லதும் நடந்தது. நீலகிரியிலே 1968-இல் அரசே தேயிலைத் தோட்டம் போட்டு, அவர்களுக்குத் தெரிந்த தொழிலையே தந்தது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் காலூன்றின. அதே நேரத்திலே, கொடைக்கானல் மலைக் காடுகளிலே மரம் வெட்டும் ஒப்பந்தக்காரனிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. அங்கே ‘இந்தியத் தமிழன்’, இங்கே ‘சிலோன்காரன்’. இரு கரையிலும் அந்நியன்! தமிழன் தமிழனையே ‘வந்தேறி’ என்று நினைத்த வரலாறு நமக்கு உண்டென்றால், பீகாரியைக் குறித்துப் பேசும்போது நாக்கைச் சற்று அடக்கிக்கொள்வது தகும்.

ஏதோ கறுப்பு நாட்டார் செய்த கொடுமை என்றும் எண்ணிவிட வேண்டா. நாகரிகத்தின் தொட்டில் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்திலே, 1662-இல் இரண்டாம் சார்லசு மன்னன் காலத்திலே ஒரு சட்டம். ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழையைத் தானே காக்க வேண்டும் என்பது முன்னமே இருந்த ஏற்பாடு. ஆகவே, அடுத்த வட்டாரத்து ஏழை வந்து ஒட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டுமே! வந்து நாற்பது நாளைக்குள், ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகை தராத எளியவன் எவனாயினும், “நாளை நமக்குப் பாரமாவான்” என்று சந்தேகித்தாலே பிடித்துத் திருப்பியனுப்பலாம். பிள்ளை இங்கே பிறந்தால் இங்கே உரிமை வந்துவிடுமே என்று, நிறைமாதக்காரிகளை எல்லைக்கு அப்பால் துரத்தினார்கள். ஆதம் சுமித்து 1776-இலேயே இதைக் கண்டித்து எழுதினார். ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட பிறகுதான், 1795-இலே, உதவி கேட்டு வந்தால் ஒழிய வெறும் சந்தேகத்தின்பேரில் துரத்தலாகாது என்று திருத்தினார்கள். கருணை வந்ததா, கணக்கு வந்ததா என்று தெரியவில்லை!

அமெரிக்கா 1882-இலேயே ‘பொதுச்சுமை’ ஆகக்கூடியவன் என்று தோன்றுவோனைக் கரையேற விடாதே என்று சட்டம் எழுதிற்று. ஒரு மாநிலத்திலே ஓராண்டு குடியிருந்தால்தான் உதவித்தொகை என்ற விதிகளை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1969-இல் செல்லாதென அறிவித்தது. ஆனால் 1996-இலே, வெளிநாட்டிலிருந்து முறைப்படி வந்து குடியேறியவனுக்கே பல உதவிகள் ஐந்தாண்டு வரை இல்லை என்று இன்னொரு சட்டம் வந்தது. 2019-இலே அந்தப் பழைய ‘பொதுச்சுமை’ விதியை இறுக்கியபோது நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. விதி யாரைத் தொடவில்லையோ, அவர்களும் அஞ்சினார்கள். அந்நாட்டிலேயே பிறந்து, முழு உரிமையும் உள்ள குழந்தைகளுக்குரிய உணவு உதவியைக்கூட வேண்டாம் என்று விலகிய குடும்பங்கள் இருந்தன. 2021-இல் விதி கைவிடப்பட்டது. சட்டத்தின் கை எட்டாத இடத்துக்கும் அச்சம் எட்டுகிறது.

அச்சத்துக்கு நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. 2023 மார்ச்சிலே, தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்லுகிறார்கள் என்று பொய்யான ஒளிப்படக் காட்சிகள் வடக்கே பரவின. வேறெங்கோ நடந்தவற்றைத் தமிழ்நாட்டிலே நடந்ததாகக் காட்டிய பித்தலாட்டம். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, அப்படி ஒன்றுமில்லை என்று கண்டது. ஆனால் அதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு தொடர்வண்டி நிலையத்துக்கு ஓடினவர் எத்தனையோ பேர். ஏன் ஓடினார்கள்? பொய்யை நம்பும் பேதைமை என்று சொல்லிவிடுவது எளிது. பத்தாண்டு உழைத்தும், இந்த ஊரிலே தனக்கென்று ஒரு பதிவேட்டிலும் பெயரில்லாதவன், வதந்திக்கு முன்னே எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

இந்தியாவிலே இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒடிசாவிலே ‘தாதன்’ என்று பெயர் வைத்து, முன்பணம் கொடுத்து, ஊர் ஊராக ஆள் பிடித்துப் போகும் கொடுமையைத் தடுக்க அம்மாநிலம் 1975-இலே சட்டம் செய்தது. அதனையொட்டி 1979-இலே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கான நடுவணரசுச் சட்டம் வந்தது. ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ அழைத்துப் போகும் ஒப்பந்தக்காரன் பதிவு செய்ய வேண்டும். ஊரை விட்டு வந்ததற்காக மாதக் கூலியிலே பாதி அல்லது 75 ரூபாய், இரண்டில் எது மிகுதியோ அதைத் திருப்பிக் கேட்காத படியாகத் தர வேண்டும். வழிச்செலவு தர வேண்டும். தங்க இடமும் மருத்துவமும் தர வேண்டும். படிக்கப் படிக்க இனிக்கும் சட்டம்! ஒப்பந்தக்காரன் பதிவு செய்தால்தானே? பதிவு இல்லை, ஆகவே ஆள் இல்லை. ஆள் இல்லை, ஆகவே உரிமை இல்லை. நாற்பதாண்டு அப்படியே ஓடிற்று.

2020 மார்ச்சு 24 இரவு, நான்கு மணி நேர முன்னறிவிப்போடு நாடு பூட்டப்பட்டது. அப்போதுதான் பதிவேட்டிலே இல்லாத அந்த ஆள் சாலையிலே தெரிந்தான். ஆலை மூடிற்று, ஒப்பந்தக்காரன் கைப்பேசியை அணைத்தான், அறைக்காரர் வாடகை கேட்டார், அட்டையோ ஆயிரம் கல் தொலைவிலே! தமிழக அரசு அரிசியும் பருப்பும் எண்ணெயும் வழங்கச் சொல்லி ஆணையிட்டது. அம்மா உணவகங்கள் அடுப்பை அணைக்கவில்லை. இருந்தும், மே மாதத்திலே சிறப்புத் தொடர்வண்டி விடும்வரை பொறுக்க முடியாமல், பெருஞ்சாலையிலே வடக்கு நோக்கி நடந்தவர்களை நாடே கண்டது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியதாக நடுவணரசு பின்னர் நாடாளுமன்றத்திலே சொன்னது. வழியிலே இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டபோது, அந்தக் கணக்கு இல்லை என்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட மாத்தளைப் பாதைக்கும் அப்படித்தான் கணக்கு இல்லை.

அந்த நாள்களிலே அரசு ஏடுகளில் இவர்களுக்கு ‘விருந்தினர் தொழிலாளர்’ என்ற பெயர் வழங்கிற்று. அழகான பெயர். ஆனால் விருந்தினரிடம் அட்டை கேட்கும் வீடு எங்கே இருக்கிறது?

அடிபட்ட பிறகு அறிவு வந்தது. அட்டையை ஊரிலிருந்து அவிழ்த்து ஆளோடு கட்டும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாட்டிலே தமிழ்நாடு 2020 அக்டோபர் முதல் நாள் சேர்ந்தது. மாநில உரிமை பேசும் நமக்கு அந்தப் பெயரின் முதற்பாதி கசக்கிறது; மறைப்பானேன்? எதற்கெடுத்தாலும் ‘ஒரே, ஒரே’ என்று கூவுவோரிடம் எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் பெயரின் கசப்புக்காகப் பசித்தவன் தட்டைத் தள்ளுவது பகுத்தறிவாகாது. எல்லா மாநிலமும் 2021 சூலை 31-க்குள் சேர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு சூன் 29-இல் ஆணையிட்டது. மேற்கு வங்கம் 2021-இலே சேர்ந்தது. அசாம் 2022 சூனிலே கடைசியாகச் சேர்ந்தது. ஆக, ஒரகடத்திலே ஒரே அறையில் படுத்திருந்த மூவரிலே பீகாரிக்கு முதலில், வங்காளிக்கு அடுத்து, அசாமியனுக்கு இன்னும் ஓராண்டு கழித்து அரிசி வழி திறந்தது. மூவரும் ஒரே பானையிலே பொங்கியிருப்பார்கள் என்று நம்புவோம்.

வழி திறந்ததே தவிர, நடப்பது எளிதாகிவிடவில்லை. அட்டை குடும்பத்துக்கு ஒன்று. ஊரிலே மனைவி இந்த மாதத்துப் பங்கை முழுவதும் வாங்கிவிட்டால் இங்கே ஒன்றுமில்லை. இங்கே இவன் தன் பங்கை வாங்கினால் அங்கே பானை அவ்வளவுக்குக் குறையும். கைரேகை பதிய வேண்டும். இரும்பைப் பிடித்துத் தேய்ந்த விரலுக்கு அதுவும் ஒரு தேர்வு. அட்டையிலே பெயரே ஏறாதவர் நிலை இன்னும் மோசம்: சட்டத்தின் பயனாளிகள் எத்தனை பேர் என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கிலே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதன் பின் பிறந்தவர்களும் மணந்தவர்களும் நாட்டிலே இருக்கிறார்கள், கணக்கிலே இல்லை. தொழிலாளர் பதிவுத் தளத்திலே பெயர் கொடுத்தும் பங்கீட்டு அட்டை இல்லாதவர் சுமார் எட்டுக் கோடி என்று கண்டு, அவர்களுக்கு அட்டை தரும்படி 2023 ஏப்பிரலிலே உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. நம் மாநிலம் தன் பணத்திலே தன் அட்டைக்குத் தரும் கூடுதல் அரிசியும் பருப்பும் பாமாயிலும், வெளிமாநில அட்டைக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் வரிப்பணம் நமக்கு என்பது நியாயந்தானே என்பார்கள். அந்த வரியிலே, அவன் செய்த காரின் வரியும் இருக்கிறது. அவன் வாங்கும் சோப்பின் வரியும் இருக்கிறது.

அட்டையே கேட்காத திட்டங்களும் நம்மிடம் உண்டு. அவை நம் கையாலேயே ஆனவை. 1920-இலே நீதிக்கட்சிக் காலத்திலே, தியாகராயர் முயற்சியால், சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு போட்டார்கள். 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். 1982-இலே எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022-இலே காலை உணவும் சேர்ந்தது. இந்த நூறாண்டு ஏற்பாட்டிலே ஒரு சிறப்பு இருக்கிறது. பிள்ளை பள்ளியிலே இருந்தால் தட்டு உண்டு. தந்தை எந்த மாநிலம், அட்டை என்ன நிறம், எத்தனை ஆண்டு குடியிருப்பு என்ற கேள்வி தட்டுக்கும் பிள்ளைக்கும் இடையிலே வருவதில்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளிலே, ஒடிசாப் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூலையே வரவழைத்துக் கற்பித்த முயற்சியும் நடந்தது. இந்தியை எதிர்த்து மொழிப்போர் நடத்திய மண்ணிலே, அயல்மொழிப் பிள்ளைக்கு அவன் தாய்மொழியிலே எழுத்தறிவித்தது பெருமையா, முரண்பாடா என்று கேட்பவன் மொழிப்போரை விளங்கிக்கொள்ளாதவன்.

ஆனால் பள்ளியிலே தட்டு கிடைக்கப் பிள்ளை இங்கே இருக்க வேண்டுமே? திருப்பெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலிலே, 18,720 பேர் தங்கும் பெருந் தங்குமிடம் 706 கோடி ரூபாய்ச் செலவிலே கட்டப்பட்டு 2024 ஆகஸ்டிலே திறக்கப்பட்டது. 2021 டிசம்பரிலே, கைப்பேசி ஆலைப் பெண்கள் தங்கள் விடுதி உணவு நஞ்சாகிச் சாலையிலே உட்கார்ந்து போராடிய பிறகு, இத்தகைய தங்குமிடம் இன்றியமையாதது என்பதை யாரும் மறுக்க முடியவில்லை. வரவேற்கிறோம். ஆனால் அங்கே படுக்கை உண்டு, தொட்டில் இல்லை. தனி ஆளாக வா, தனி ஆளாக உழை, மணமானால் போய்விடு என்று சுவர் சொல்லாமல் சொல்கிறது. மறைமலை நகரைத் திட்டமிட்டபோது ‘ஆலையும் வீடும்’ என்றார்கள். நாற்பதாண்டிலே வீடு சுருங்கிப் படுக்கை ஆயிற்று. குடும்பம் ஊரிலே இருக்கும்வரை அட்டையும் ஊரிலே இருக்கும். அட்டை ஊரிலே இருக்கும்வரை குடும்பத்தை இங்கே அழைக்கத் துணிவு வராது.

2025 நவம்பர் 21 முதல், 1979 சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தக்காரன் அழைக்காமல் தானே வந்தவனையும் இடம்பெயர்ந்த தொழிலாளி என்று அது ஏற்றுக்கொள்கிறது, அது முன்னேற்றம். ஐந்து பேர் என்றிருந்த வரம்பைப் பத்தாக்கி, ஊரை விட்டு வந்ததற்கான படியை விட்டுவிட்டது, அது பின்னேற்றம். அதன் 62-ஆம் பிரிவு, இடம்பெயர்ந்தவர் தம் பங்கீட்டுப் பொருளைச் சொந்த மாநிலத்திலோ வேலை செய்யும் மாநிலத்திலோ விரும்பிய இடத்திலே பெறும்படி அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. எந்த நாளுக்குள் என்று அந்தப் பிரிவிலே எழுதவில்லை.